மூன்று பட்டை கழற்றிய ஜீப்

போன மாதம் காரைக்குடியில் செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் சின்னக் காரை விட்டுவிட்டு, அவர்கள் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி நின்றது. நம் வயதுக்காரர்கள் ஏற வேண்டுமென்றால் ஸ்டூல் போட வேண்டிய உயரம். அதன் சொந்தக்காரப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். பக்கவாதம் வந்த அப்பாவை ஏற்றி இறக்க முடியவில்லை என்று ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தச் சொல்லியிருந்தாள். வேலை முடிந்ததும் அப்பாவையே வரவழைத்து, சக்கர நாற்காலியைக் கதவோரம் நிறுத்தி, "நீங்களே ஏறிப் பாருங்கப்பா" என்றாள். அவர் ஒரு கையால் பிடியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக நகர்ந்து சீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அந்தப் பெண் என்னிடம், "நல்லா இருக்காம்மா?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். அழுகை வந்துவிடுமோ என்று கைப்பையில் கைக்குட்டையைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டேன். வரவில்லை. கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, என் காருக்கு ஆயில் மாற்றிவிட்டார்களா என்று கேட்கப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி நன்றாகத் தூங்கினேன். எனக்கே அது சரியாகப் படவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் என்னைப்போல ஐம்பது தாண்டியிருக்கும். ஆட்டோவில் ஏறும்போதே "யப்பா" என்று சொல்லிக்கொண்டு ஏறுகிறவர்கள்தானே நாம். ஆனால் சின்ன வயதில் ஜீப் என்றால் நமக்குப் பறந்து ஏறுகிற சாமான். எங்கள் அப்பாவிடம் ஒன்று இருந்தது. எங்கோ ஏலத்தில் எடுத்தது. வெயிலில் ரெக்ஸின் சீட் தொடையோடு ஒட்டிக்கொள்ளும், மழையில் படுதாக் கூரை நனைந்த சாக்கு போல வாடை அடிக்கும். கியருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டைக் கம்பி இருக்கும். அதைத் தள்ளினால் நாலு சக்கரமும் இழுக்கும். அப்பா அந்தக் கம்பியைத் தொட எங்களை விடவே மாட்டார்.

எங்களுக்கு அது ஆடம்பரத்துக்கு இல்லை. எங்கள் ஊர் கண்டனூருக்கு அங்குட்டு, ஒரு கண்மாய்க்குப் பின்னால் இருக்கிறது. பஸ் போகும் ரோட்டுக்கு இரண்டு மைல் நடக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்துவிட்டால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்கு வழியாக பாதைக்குக் குறுக்கே பாயும். அந்த இரண்டு மாதமும் ஊரைவிட்டு வெளியே போக எங்கள் ஜீப்பும் பெரியப்பாவின் டிராக்டரும்தான் உண்டு. டாக்சிக்காரர்கள் கலுங்குக்கு அந்தப் பக்கமே நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

எனக்குப் பத்து வயது. அந்த ஐப்பசியில்தான் அத்தைக்கு வேலைக்கு உத்தரவு வந்தது.

அத்தை என் அப்பாவின் தங்கை. இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. வெளியே போகும்போது இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் இரும்புச் சட்டம் மாட்டிக்கொண்டு, கைக்கம்பு ஊன்றி நடப்பாள். சட்டத்தின் அடியில் ஒரு கனத்த பூட்ஸ். முழங்காலில் ஒரு கொக்கி. கொக்கியைப் போட்டால் கால் கம்பு மாதிரி நேராக நின்றுவிடும், மடங்காது. வீட்டுக்குள் அதையெல்லாம் கழற்றிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். காரைக்குடியில் விடுதியில் தங்கிப் படித்தாள், டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தாள். விடுதியிலேயே இருந்துகொண்டு வேலைக்கும் போயிருக்கலாம். "படிக்கிறப்ப விட்டது போதும், வயசுப் புள்ளைய இனி வெளிய தங்க வைக்க முடியாது" என்று பெரியப்பா முடித்துவிட்டார். பெரியப்பா முடித்தால் முடிந்ததுதான். வீட்டுக்கு மூத்தவர் அவர்.

உத்தரவு காரைக்குடியில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலைக்கு. பழுப்பு நிறக் காகிதம். அத்தை அதை வாரப் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் வைத்து, பத்திரிகையைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். நாங்கள் கேட்டால் எடுத்துக் காட்டுவாள், தொட விடமாட்டாள்.

போய் வருவதுதான் பாடாக இருந்தது. பஸ் படியில் அவளால் ஏற முடியாது. ஒருமுறை கண்டக்டர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, "எம்மாடி, என்னா கனம்!" என்று சொல்ல, பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் அந்த பஸ்ஸில் இருந்தேன். வீட்டுக்கு வந்து அத்தை குளித்தாள், மத்தியானம் மறுபடியும் குளித்தாள். ஜீப்பும் உயரம். அப்பாதான் அவளை இரண்டு கையிலும் ஏந்தித் தூக்கிச் சீட்டில் வைப்பார். தெருவில் நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அப்பா பிரியமாகத்தான் தூக்குவார். ஆனால் இருபத்து நாலு வயதுப் பெண்.

உத்தரவு வந்த அன்று அத்தை அப்பாவிடம் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"அண்ணே, தெனம் என்னைத் தூக்கி வச்சு, ஆபீஸ் வாசல்ல எல்லாரும் பாக்கத் தூக்கி எறக்குறதா இருந்தா நான் போகல. நானா ஏறணும், நானா எறங்கணும். அதுக்கு ஒரு வழி இருந்தாப் பாருங்க."

அப்பா இரண்டு நாள் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். படி வைத்துப் பார்த்தார். மடங்காத காலை வைத்துக்கொண்டு படியில் எப்படி ஏறுவது? அத்தைக்கு இருந்தது ஒரே வழி. சீட்டுக்கு முதுகு காட்டி நின்று, பின்பக்கமாக உட்கார்ந்து, பிறகு காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சீட் அவள் இடுப்பளவுக்கு இறங்க வேண்டும். ஜீப்பைத் தாழ்த்திவிடலாம் என்று அப்பா சொன்னபோது அம்மா நம்பவில்லை. அந்த ஜீப்பின் மட்கார்டில் கோழி ஏறினால்கூடத் துரத்துகிற மனுஷன் அவர்.

சேர வேண்டிய நாள் நெருங்கிவிட்டதால் அத்தை அவகாசம் கேட்டு எழுதிப்போட்டாள். பதினைந்து நாள் கொடுத்தார்கள். அந்தப் பதினைந்து நாள் முடிகிற திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் உத்தரவு ரத்து, மேற்கொண்டு அவகாசம் கிடையாது என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தது.

இடுப்பு உயரத்தை அம்மா ஒரு கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டாள். இங்கேதான் முதல் பிசகு. அத்தை, "பூட்ஸைப் போட்டுக்கிட்டு நிக்கிறேன் அண்ணி, அதோட அளங்க" என்றாள். அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "வீட்டுக்குள்ள செருப்புக் காலோடயா? அதுவும் சாமி ரூம்புக்கு எதுத்தாப்ல? வெறுங்கால்ல நில்லு, எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லி, அவளைச் சுவரில் சாய்த்து வைத்து வெறுங்காலில் அளந்துவிட்டாள். வாசலுக்குப் போய் அளந்திருக்கலாம். வாசலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கயிற்றைத்தான் அப்பா ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார்.

சனிக்கிழமை ஜீப்பை எடுக்க அப்பா என்னையும் கூட்டிப்போனார். மெக்கானிக் வெற்றிலை போடுகிறவர், பேசும்போது தலையை அண்ணாந்துகொண்டு பேசுவார். கயிற்றைத் தூக்கிக் காட்டிச் சொன்னார்.

"ஸ்பிரிங் பட்டையில ரெண்டு எடுத்தாப் போதும்னு நெனச்சேன். நீங்க குடுத்த அளவுக்கு வரல. ஸ்பிரிங்குக்கு மூணு மூணு எடுத்துட்டேன், மிச்சத்தத் தட்டி நிமித்தியிருக்கு, சின்ன டயராப் போட்டிருக்கு. இனி இது காரு மாதிரி. டிரைவரோட சேத்து மூணு பேரு, அதுக்கு மேல ஏத்தாதீக. கலுங்குல மெதுவா உருட்டிக்கிட்டுப் போங்க, அடி தட்டும்."

மூன்று பேர் என்றபோது விரலை மடக்கி எண்ணி, என்னைப் பார்த்து அரை விரல் மடக்கினார். எனக்கு அது பிடிக்கவில்லை, அதனால் மறக்கவில்லை. கழற்றிய பட்டைகளைச் சணலால் கட்டிக் கொடுத்தார். அப்பா அவற்றைப் பிற்பாடு திருப்பாச்சேத்திக் கொல்லுப்பட்டறையில் கொடுத்து அரிவாளாக வாங்கிவந்தார். ஒன்று இன்றைக்கும் என் வீட்டில் தேங்காய் வெட்டுகிறது.

அன்று சாயங்காலம் தெருவில் வைத்தே அத்தை ஏறிப் பார்த்தாள். அவளுக்காக ஓர் இரும்புப் பிடி புதிதாகப் பற்றவைத்திருந்தார்கள், பச்சை பெயிண்ட் இன்னும் காயவில்லை. பிடியைப் பிடித்தாள், திரும்பினாள், "தொப்" என்று உட்கார்ந்தாள். கொக்கியை விடுவித்து, காலைத் தூக்கி உள்ளே வைத்து, கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள். மறுபடி திறந்து இறங்கினாள். பதினொரு தடவை. நான் எண்ணினேன். உள்ளங்கையெல்லாம் பச்சை. அப்பா இரண்டடி தள்ளி நின்று, கையைக் கொண்டுபோகாமல் இருப்பதற்காகத் துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார். பூட்ஸ் உயரத்தைச் சேர்க்காததால் சீட் இரண்டு விரற்கடை கூடுதலாகத் தாழ்ந்திருந்தது. அத்தை சிரித்தாள்.

"பூட்ஸோட அளங்கன்னு சொன்னேன்ல அண்ணி, பள்ளத்துல விழுந்த மாதிரில்ல இருக்கு."

"கெடக்கு விடு, ஏறிப்புட்டீல்ல" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தோம். அந்த இரண்டு விரற்கடைக்காகத்தான் மூன்றாவது பட்டை போனது என்பது அந்தத் தெருவில் யாருக்கும் தோன்றவில்லை.

அத்தை அப்படிச் சிரித்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. இதைச் சந்தோஷமான நினைவு என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் பதினொன்று என்ற எண்ணிக்கை மட்டும்தான் நிற்கிறது.

பெரியப்பா வந்தார். ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இரும்பப் பிரிச்சு மாட்டுன வண்டி. மொதல்ல நம்ம சாமிட்டக் காட்டிப்புட்டுத்தான் வேற சோலி. நாளைக்கு ஞாயித்துக்கெழம, போயிட்டு வந்துருவோம்" என்றார்.

எங்கள் குலசாமி கோயில் காளையார்கோவில் போகிற வழியில் உள்ளே ஒதுங்கியிருக்கிறது. பங்காளிகள் ஒன்பது வீடு. சாமி காரியம் என்றால் வீட்டுக்கு ஓர் ஆளாவது வர வேண்டும், கூப்பிடாமல் விட்டால் அடுத்த விசேஷத்துக்கு அந்த வீடு வராது. நம்மில் பலருக்கு இது தெரிந்த கதைதான்.

அத்தை சொன்னாள், "பெரியண்ணே, திங்கக்கெழம நான் சேரணும். ஒரு நா கழிச்சுப் போகலாமே. இல்ல, நீங்க டிராக்டர்ல போங்க, வண்டி இங்க நிக்கட்டும்."

"அதுக்குத்தானத்தா போறோம். ஒனக்குத்தான வேண்டிக்கப் போறோம்."

அப்பா மெல்ல, "மூணு பேருக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு மெக்கானிக்கு சொல்லியிருக்காருண்ணே" என்றார்.

"சாமிட்டப் போறதுக்கு ஆள் எண்ணுவாகளாப்பா?" என்றார் பெரியப்பா.

அண்ணனை எதிர்த்து அப்பா பேசி நான் பார்த்ததே இல்லை. அதை நாங்கள் மரியாதை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஞாயிறு காலையில் பதினான்கு பேர் ஏறினார்கள். பொங்கல் பானை, ஒரு கட்டு விறகு, கூடவே ஒரு கிடாயும். அத்தைக்கு இடம் இல்லை. "நீதான் இனிமே தெனம் போகப்போறியே, இன்னைக்கு இவுக போயிட்டு வரட்டும்" என்று பெரியம்மா சொன்னதை எல்லோரும் நியாயம் என்றார்கள். முன் சீட்டில், அத்தை ஏறிப் பழகிய அந்த இடத்தில், பெரியப்பா உட்கார்ந்தார். அவர் மடியில் நான். அம்மா என்னிடம், "நீ எறங்கி அத்தைக்குத் துணையா இரு" என்றாள். நான் பச்சைப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன். அத்தை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். "விடுங்க அண்ணி, ஆசப்படுறா, போயிட்டு வரட்டும்" என்றாள். நான் உடனே அழுகையை நிறுத்திவிட்டேன்.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. அதனால் எல்லோருக்கும் தைரியம் கூடிவிட்டது. கிடா வெட்டி, சாப்பிட்டு, மிச்சக் கறியையும் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் திரும்பினோம். கலுங்கில் இறங்கும்போது தண்ணீருக்கு அடியில் கல் இருந்தது. அடியில் "டங்" என்று ஒரு சத்தம், அடுத்து பட்டை முறிகிற சத்தம். ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தண்ணீருக்கு நடுவில் நின்றுவிட்டது. யாருக்கும் அடியில்லை. அப்பா முழங்காலளவு தண்ணீரில் குனிந்து கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். பெரியப்பா கரையில் நின்றபடி, "பெருசா வரவேண்டியது சின்னதாப் போயிருச்சு, எல்லாம் சாமி புண்ணியம்" என்றார். டிராக்டர் வந்து ஜீப்பைக் கரைக்கு இழுத்துப் போட்டது. டிராக்டரில் ஏறி வீட்டுக்கு வந்தோம்.

ஜீப் சத்தத்துக்குப் பதிலாக டிராக்டர் சத்தம் கேட்டபோதே அத்தைக்குத் தெரிந்திருக்கும். வாசலில் நின்றவள், "எப்பச் சரியாகும்?" என்று மட்டும் கேட்டாள். ஒரு வாரம் ஆகும் என்றார் அப்பா. அவள் உள்ளே போய், மறுநாளைக்கான சேலையை எடுத்துக் கரிப்பெட்டியால் தேய்த்தாள். அன்றைக்கே அவளைக் காரைக்குடியில் யார் வீட்டிலாவது கொண்டுபோய் விட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எல்லோரும் கறியைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தை அந்த வேலையில் சேரவில்லை. வேறு வேலைக்கும் போகவில்லை. ஜீப்புக்குப் புதுப் பட்டைகள் போட்டார்கள். பெரியப்பா சொன்னதால் ஒன்று கூடுதலாகவே போட்டார்கள், பெரிய டயர் திரும்பி வந்தது, ஜீப் முன்பைவிட உயரமாகிவிட்டது. அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்தாள். என் கல்யாணப் பத்திரிகை உறைகளுக்கெல்லாம் விலாசம் டைப் அடித்துக் கொடுத்தது அவள்தான். ஒரு எழுத்துப் பிசகில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் இறந்துபோனாள். அப்பா, பெரியப்பா எல்லோரும் அவளுக்கு முன்பே போய்விட்டார்கள். யாரிடமும் நான் கோபித்துக்கொண்டதில்லை. அந்தச் சீட்டில் நானும்தானே உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை காலையைச் சொல்லாமல் முடித்துவிடலாம் என்று பார்த்தேன். முடியாது.

மழை விட்டிருந்தது. கலுங்குக் கரையில் கிடந்த ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போவதற்காக டிராக்டர் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. அத்தை வந்தாள். ஊதாச் சேலை, இரும்புச் சட்டம், தோளில் பை, பையில் உத்தரவு. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"டிராக்டரு காரைக்குடிக்குத்தான போகுது. என்னையத் தூக்கி ஏத்துங்க. நான் போறேன்."

யாரும் அசையவில்லை. பெரியப்பாதான் பேசினார். "வெளங்காத பேச்சுப் பேசாத. கலியாணம் ஆகாத புள்ளைய நாலு பேரு தூக்கி டிராக்டர்ல போட்டு ஆபீசுக்கு அனுப்பிச்சாகன்னு ஊரு பேசுறதுக்கா? ஒடம்புக்கு முடியலன்னு ஒரு கடுதாசி எழுதிப்போடு, நாள் குடுப்பாக."

"இனி நாள் கெடையாதுன்னு எழுதியிருக்காகண்ணே."

"எல்லாம் குடுப்பாக."

அத்தை அப்பா பக்கம் திரும்பினாள். கைக்கம்பைச் சுவரில் சாத்தினாள். காலில் கொக்கி போட்டிருந்ததால் நேராக நின்றாள். இரண்டு கையையும் அப்பாவை நோக்கித் தூக்கினாள், இடுப்பில் ஏறக் கேட்கிற குழந்தை தூக்குவது மாதிரி.

"நீங்க தூக்குங்கண்ணே. நீங்க ஒருத்தர் போதும். ஒண்ணும் சொல்ல மாட்டேன், தூக்குங்க."

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பிறகு, ஜீப்பை இழுக்கிற சங்கிலி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க டிராக்டருக்குப் பின்னால் போனார். அங்கிருந்தபடியே ஏறிக்கொண்டார், டிராக்டர் கிளம்பிப் போனது. அத்தை கையை இறக்கவில்லை. அம்மா வந்துதான் அந்த இரண்டு கையையும் பிடித்து, ஒவ்வொன்றாக இறக்கிவிட்டாள்.